மூடி வைத்த தட்டு

சோற்றில் கை வைத்தவனை எழுப்பக் கூடாது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். சண்டைக்கு வந்தவன்கூட, உள்ளே சாப்பாடு நடக்கிறது என்று தெரிந்தால் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பான். சாப்பிடுகிறவர் கை கழுவிவிட்டு வந்த பிறகுதான் சண்டை ஆரம்பிக்கும். நீங்களும் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர் போலிருக்கிறது, ஐயா. நான் வந்து நின்றதும் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டுவிட்டுத்தான் நாற்காலியைக் காட்டினீர்கள். சாப்பிட்டுவிட்டேன். நிதானமாகப் பேசலாம்.

எங்கள் தீயணைப்பு வண்டி ஓட்டுநரைப் பற்றி உங்கள் விசாரணையில் முடிவு செய்திருப்பது தவறு. தையல்கடைத் தீக்கு வண்டி தாமதமாகப் போனதற்கு அவர் காரணமில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் எடுத்த எடுப்பில் அதைச் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. எங்கள் நிலையத்தில் சாப்பாடு எப்படி நடக்கும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தீயணைப்பு நிலையத்தில் என் வேலை தொலைபேசி எடுப்பதும் மணி அடிப்பதும். அதனால் எனக்கு மணியக்காரர் என்று பெயர். ஊரை ஆள்கிற மணியக்காரர் இல்லை, பொத்தானை அமுக்குகிற மணியக்காரர். முன்பு நானும் வண்டியில் போகிறவன்தான். ஒரு கிடங்குத் தீயில் பக்கச்சுவர் சரிந்து இரண்டு பேர் மேல் விழுந்தது. எனக்கு முழங்கால் போனது, என்னோடு இருந்தவனுக்கு முதுகெலும்பு போனது. என்னைத் தொலைபேசி அறையில் உட்கார வைத்தார்கள். அவனை வீட்டில் படுக்க வைத்தார்கள். ஏணி தூக்கி ஓடுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது, அதனால் அவன் பெயர் ஏணி. படுத்த பிறகும் அதே பெயர்தான்.

என் அறைக்கு இரண்டு பக்கமும் கண்ணாடி. ஒரு பக்கம் வண்டி நிற்கும் கூடம் தெரியும். ஓரத்தில் வரிசையாகக் காலணிகள், ஒவ்வொன்றின் மேலும் கால்சட்டை சுருட்டி இறக்கி வைத்திருக்கும். காலை விட்டு இழுத்தால் போதும், உடுத்தி முடிந்தது. மறுபக்கம் சாப்பாட்டு மேசை தெரியும். நீளமான மேசை, இரண்டு பக்கமும் பெஞ்சு, தலைமாட்டில் தலைவருக்கு ஒரு நாற்காலி. பகல் முழுக்க நான் பார்த்துக்கொண்டிருப்பது இந்த இரண்டையும்தான்.

சமைப்பது அம்மா. நீங்கள் நினைக்கிற அம்மா இல்லை, இவனுக்கு மீசையே ஒரு முழம் இருக்கும். தண்ணீர்க் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறுவான். ஆனால் கரண்டியைக் கையில் எடுத்துவிட்டால், இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ, இளைச்சுப் போயிட்டே, நேத்தும் நீ சரியா சாப்பிடல என்று ஆரம்பித்துவிடுவான். புதிதாக வந்த ஒருத்தன் வாய் தவறி, போதும்மா என்றான். அன்றிலிருந்து அவன் எல்லோருக்கும் அம்மா.

அம்மா பார்த்துப் பார்த்துச் சமைப்பான். எல்லோரும் உட்காருவார்கள். முதல் கவளம் வாய்க்குப் போகும். அப்போது தொலைபேசி அடிக்கும். ஊரில் யார் வீட்டில் தீப்பிடித்தாலும் அது எங்கள் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்துத்தான் பிடிக்கும் என்று ஓட்டுநர் சொல்வார். நான் பொத்தானை அமுக்குவேன். பெஞ்சுகள் பின்னால் சாயும், தண்ணீர்க் குவளை உருளும், யாரோ ஒருத்தர் மென்றுகொண்டே ஓடுவார். கதவு திறந்து வண்டி போய்விடும். பிறகு சத்தமே இருக்காது.

அந்தச் சத்தமில்லாத நேரம் என்னுடையது. நான் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு அறைக்குப் போவேன். பாதி சாப்பிட்ட தட்டுகள் ஏழெட்டு இருக்கும். ஈ மொய்க்காமல் ஒவ்வொன்றையும் இன்னொரு தட்டால் மூடி வைப்பேன். யார் எதை ஒதுக்கியிருக்கிறார், யார் எதைக் கடைசியில் சாப்பிடலாம் என்று மிச்சம் வைத்திருக்கிறார் என்பது எனக்கு அத்துப்படி. தலைவர் மீனின் நல்ல துண்டைக் கடைசிக்கு வைத்திருப்பார். மூடி வைத்து என்ன புண்ணியம், புகை நாற்றத்தோடு திரும்பி வருகிறவனுக்குச் சோறு இறங்காது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அப்புறம் பார்க்கலாம் என்பார்கள். சாயங்காலம் அம்மா எல்லாவற்றையும் வழித்துப் பின்வாசல் நாய்களுக்குப் போடுவான். நாய்கள் நல்ல கொழுகொழுவென்று இருந்தன.

போய் வந்த காரியம்தான் என்ன பெரிய காரியம் என்று கேட்டுப் பாருங்கள். குப்பைத்தொட்டி புகைகிறது. காலிமனையில் புல் எரிகிறது. பூனை மரத்தில் ஏறிவிட்டது, இறங்கத் தெரியவில்லை. நெருப்பில்லாமல் புகையாது என்று உலகம் சொல்கிறது, எங்கள் தொழிலில் பாதிக்குப் பாதி நெருப்பில்லாத புகைதான். இதற்காக ஏழெட்டுப் பேர் அரைவயிற்றோடு ஓடுகிறார்கள். பார்க்கிற எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

முதல் தடவை நான் யோசித்துச் செய்யவில்லை. குப்பைத்தொட்டி என்று ஒரு பெண் கூப்பிட்டார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தலைவர் அந்த மீன் துண்டை அப்போதுதான் கையில் எடுத்திருந்தார். குப்பைதானே, அது எங்கே போகப் போகிறது என்று தோன்றியது. "கிளம்பிட்டாங்கம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் சாப்பிட்டு, விரலைச் சூப்பி, எழுந்து போய்க் கை கழுவினார். அதன் பிறகு மணி அடித்தேன். போய் அணைத்துவிட்டு வந்தார்கள். வண்டியிலிருந்து இறங்கும்போது தலைவர் என் கண்ணாடியைத் தட்டி, "இன்னைக்குத்தான்யா நிம்மதியா ஒரு வாய் சாப்பிட்டேன்" என்றார். அவ்வளவுதான் நடந்தது. யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. பழக்கம் என்றால் கண்மூடித்தனமாக இல்லை, எனக்கென்று ஒரு வரைமுறை வைத்திருந்தேன். முதலில் குப்பை, புல், பூனை மட்டும். பிறகு சமையலறைப் புகை. சமையலறைப் புகையில் முக்கால்வாசி, பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டுத் தூங்கினவர்கள்தான். பிறகு நின்ற இடத்தில் எரிகிற கார், அதில் ஆள் இல்லையா என்று கேட்டுக்கொள்வேன். மரப்பொருள் கடை ஒன்றிலிருந்து வந்த அழைப்பை ஒரு தடவை நிறுத்தி வைத்தேன். சரக்கு மொத்தமும் போய்விட்டது, ஆனால் காப்பீடு இருந்ததாகக் கேள்வி. இன்னொரு வீட்டில் ஒரு பெரியவருக்குக் கையில் கொப்புளம் போட்டுவிட்டது. ஆறிவிட்டது என்று பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எல்லாவற்றையும் விசாரித்துத் தெரிந்துகொள்வது என் வழக்கம். பொறுப்பில்லாதவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

மணி அடித்த நேரத்தையே பதிவேட்டில் அழைப்பு வந்த நேரமாக எழுதினேன். நிலையத்துக்கு வேலை தொடங்குவது மணியிலிருந்துதானே.

கூப்பிடுகிறவர்களிடம் எப்போதும் ஒரே வார்த்தைதான் சொல்வேன். கிளம்பிட்டாங்க. அந்த வார்த்தைக்கு இருக்கிற சக்தியை நீங்கள் தொலைபேசியின் இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்க வேண்டும், ஐயா. அழுதுகொண்டிருக்கிறவர் மூச்சு விடுவார். கத்திக்கொண்டிருக்கிறவர் "சரிங்க, சரிங்க" என்பார். அது பொய் என்று நான் நினைத்ததில்லை. கொஞ்சம் முந்திக்கொண்டு சொன்ன உண்மை. கிளம்பத்தானே போகிறார்கள்.

நிலையத்தில் ஒரு மாற்றம் வந்தது. மற்றவர்களுக்குக் காரணம் தெரியாது, ஆனால் மாற்றம் தெரிந்தது. சாப்பாட்டு மேசையில் பேச்சு வளர்ந்தது. கதை சொன்னார்கள், ஒருத்தர் தட்டிலிருந்து ஒருத்தர் பிடுங்கித் தின்றார்கள். ஓட்டுநர் எல்லோரையும் கிண்டல் செய்வார், அவருக்கு ஓய்வு பெறும் வயது நெருங்குகிறது, எங்கள் எல்லோருக்கும் அவர் மாமா. "நம்ம ராசி மாறிடுச்சுடா, தீக்கே நம்ம மேல இரக்கம் வந்துடுச்சு" என்பார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சிரித்துக்கொள்வேன். சில நாள் அம்மா கண்ணாடியைத் தட்டி, "அங்கேயே ஏன் உட்கார்ந்திருக்கே, இங்க வா" என்பான். தொலைபேசியின் சத்தம் மேசை வரைக்கும் நன்றாகக் கேட்கும், போகலாம்தான். நான் பெரும்பாலும் போகமாட்டேன். வண்டியில் போகாதவன் அந்தப் பெஞ்சில் உட்காருவது எனக்கு என்னவோ போலிருக்கும்.

இனி தையல்கடை. ஏணியின் மனைவிதான் தையல்காரி. எங்கள் சீருடைகளுக்கு முழங்கையில் ஒட்டுப் போடுவது, பொத்தான் தைப்பது எல்லாம் அவள்தான். சந்தைக்கு அந்தப் பக்கம் வீடு. கீழே கடை, மேலே ஓர் அறை, அந்த அறையில் ஏணி. ஏணி எனக்கு மச்சான் முறை வைத்துப் பேசுவான், அதனால் அவள் எனக்குத் தங்கச்சி. ஆரம்பத்தில் வாரம் ஒரு முறை போய்ப் பார்த்து வந்தேன். அவன் என் காலைப் பற்றி விசாரிக்கமாட்டான், தன் முதுகைப் பற்றியும் பேசமாட்டான். "இன்னைக்கு அம்மா என்ன சமைச்சான் மச்சான்? யார் யார் உட்கார்ந்தீங்க?" இதுதான் கேட்பான். நான் சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். போகப் போக எனக்கு அங்கே போவது குறைந்துவிட்டது.

ஏணியைப் பற்றி இன்னொன்றும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளிக்கூடங்களில் போய்ப் பாடம் நடத்துவது அவன் பொறுப்பாக இருந்தது. கதவை மூடு, வெளியே வா, எங்களைக் கூப்பிடு, காத்திரு. இந்த நான்கையும் பிள்ளைகளைப் பாட்டாகவே பாட வைப்பான். காத்திரு என்கிற இடத்தில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வீரம் காட்டுகிறேன் என்று உள்ளே ஓடினவர்களைத்தான் நாங்கள் அதிகமாகத் தூக்கி வந்திருக்கிறோம். அதனால் காத்திரு என்பதுதான் அவனுக்கு முக்கியம். இந்த ஊரில் எத்தனையோ பேருக்கு அந்தப் பாடம் தெரியும்.

தங்கச்சி பயந்த சுபாவம். புருஷன் எழுந்து ஓட முடியாதவன், அந்தப் பயம் நியாயம்தான். பக்கத்து வீட்டில் இலை கொளுத்தினாலும் கூப்பிடுவாள். இஸ்திரிப் பெட்டியில் துணி தீய்ந்து புகை வந்ததற்கு இரண்டு தடவை கூப்பிட்டாள். கடைசியாக அப்படிக் கூப்பிட்டபோது நான் உடனே மணி அடித்தேன். ஏணி வீடாயிற்றே. பாதிச் சாப்பாட்டில் ஓடினார்கள். அங்கே போனால் சட்டை ஒன்றில் கறுப்பாக ஒரு முக்கோணம், அவ்வளவுதான். அவள் அவமானத்தில் அழுதுவிட்டாள். திரும்பி வந்து ஆறிப்போன சோற்றைப் பார்த்ததும் ஓட்டுநருக்குக் கோபம். கோபத்தை எங்கே காட்டுவது, அம்மாவிடம் காட்டினார். "சூடா இருக்கும்போதே உப்பில்லாம இருந்துச்சு, இப்ப ஆறினதுல என்ன இருக்கப் போகுது" என்றார். அம்மா அவர் தட்டை எடுத்துப் போய்க் கொட்டிவிட்டு வந்தான்.

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ஓட்டுநர் வீட்டிலிருந்து டப்பா கொண்டு வந்து வண்டியில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். அம்மா கடனே என்று சமைத்தான். மேசையில் யாரும் கதை சொல்லவில்லை, கரண்டி தட்டில் படுகிற சத்தம் மட்டும் கேட்கும். தலைவர் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டதே என்று எனக்கு இருந்தது. நான் மற்றவர்களிடம் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை.

நீங்கள் விசாரிக்கிற அந்த நாளுக்கு வருகிறேன். பகல் சாப்பாட்டு நேரம். ஓட்டுநர் டப்பா கொண்டு வரவில்லை. மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தாரா, எனக்குத் தெரியாது. சாப்பாட்டு அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் உள்ளே வந்து தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அம்மா ஒரு தட்டை எடுத்து அவர் முன்னால் வைத்துப் பரிமாறினான். ஓட்டுநர் ஒரு வாய் சாப்பிட்டார். "உப்பு சரியா இருக்கு" என்றார். அம்மா, "உங்க நாக்கு சரியாயிடுச்சு மாமா" என்றான். மேசை முழுக்கச் சிரிப்பு. தலைவர் திரும்பி என் கண்ணாடியைப் பார்த்துக் கையை ஆட்டினார். "மணியக்காரரே, வாங்க. இன்னைக்கு நீங்களும் இங்கதான்." பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள்.

நான் ஊன்றுகோலை எடுத்தபோது தொலைபேசி அடித்தது.

"அண்ணா, நான்தான். கடையில தீ. துணி மூட்டையில பிடிச்சிருக்கு. அவர் மேல இருக்காரு."

"பயப்படாதே தங்கச்சி. கிளம்பிட்டாங்க."

அவள், "சரிண்ணா" என்றாள். குரலில் நடுக்கம் குறைந்துவிட்டது. நான் வைத்துவிட்டேன். மறுபடியும் இஸ்திரிப் பெட்டிதான் என்று நினைத்தேன். புலி வருது புலி வருது என்று கூப்பிடுகிறவள். போன தடவை இவளுக்காக ஓடித்தான் இத்தனை நாள் மேசை பாழாய்ப் போனது. இன்றைக்குத்தான் கூடியிருக்கிறது. சாப்பிட்டு முடிக்கட்டும் என்று முடிவு செய்தேன். மேசையில் யாரோ, யாரது என்று கேட்டார்கள். தவறான எண் என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

அந்த வீட்டில் அதற்குள் நடந்ததை இழவு வீட்டில் அவள் வாயாலேயே கேட்டேன். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னாள். எங்களைக் கூப்பிட்டதும் மாடிக்கு ஓடியிருக்கிறாள். ஏணி பதறவே இல்லை. "கூப்பிட்டியா?" என்று கேட்டிருக்கிறான். "கூப்பிட்டேன், கிளம்பிட்டாங்களாம்" என்றிருக்கிறாள். "அப்ப சரி. துணிய நனைச்சுக் கதவுக்கு அடியில வை. கதவ இழுத்து மூடிட்டு நீ இறங்கிப் போ" என்றிருக்கிறான். அவள் இறங்கி வெளியே வந்ததும் படிக்கட்டு பிடித்துக்கொண்டது.

எதிர்க்கடை வெல்டர் மூங்கில் ஏணி ஒன்றைச் சுவரில் சாய்த்து ஜன்னல் வரை ஏறிவிட்டான். கம்பியை அறுக்கிற கருவி அவனிடமே இருந்தது. "அண்ணே, அறுத்து உங்கள இறக்கிடுறேன்" என்றிருக்கிறான். ஏணி கட்டிலில் படுத்தபடியே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். "காத்து உள்ள வந்தா தீ மேல ஏறும்பா. என் முதுகு உனக்குத் தூக்கத் தெரியாது, ரெண்டு பேரும் சேர்ந்து விழுவோம். நம்ம ஆளுங்க கிளம்பிட்டாங்க. அவங்க வந்தா ஒரு நிமிஷ வேலை. நீ இறங்கி வழிய விட்டு நில்லு." வெல்டர் இறங்கிவிட்டான். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

அவன் சொன்னது சரியான பாடம்தான், ஐயா. வண்டி கிளம்பிவிட்டது என்று தெரிந்தவன் அதைத்தான் சொல்ல வேண்டும். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

புகை கதவுக்கு அடியில் வர ஆரம்பித்ததும் அவன் பேசுவது நின்றிருக்கிறது. அவள் வெல்டரின் கடையிலிருந்து மறுபடி கூப்பிட்டாள். நான் மேசையிலிருந்து எழுந்து வந்து எடுத்தேன்.

"அண்ணா, இன்னும் காணோமே."

"சந்தைத் தெரு முனையில திரும்பிட்டாங்க தங்கச்சி. இப்ப வந்துடுவாங்க."

அதைத்தான் அவள் உங்களிடமும் சொல்லியிருக்கிறாள். இரண்டாவது தடவை கூப்பிட்டபோதே வண்டி சந்தைத் தெருவுக்கு வந்துவிட்டது, அதற்கப்புறம்தான் அவ்வளவு நேரம் ஆனது என்று. பதிவேட்டில் இருந்த நேரம் அதற்கு ஒத்துவராததைக் கடிகாரக் கோளாறு என்று விட்டுவிட்டு, நீங்கள் அதை வைத்துக் கணக்குப் போட்டீர்கள். வண்டி சந்தைத் தெருவில் அத்தனை நேரம் நின்றது, சுற்றுச்சாலையில் போகாதது ஓட்டுநர் குற்றம் என்று எழுதிவிட்டீர்கள். உண்மையில் அந்த நேரத்தில் வண்டி கூடத்தில் நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் மேசையில் இருந்தார், அம்மாவிடம் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் கை கழுவிய பிறகு மணி அடித்தேன். சந்தைத் தெருவில் ஒரு லாரி மூட்டை இறக்கிக்கொண்டு நின்றது உண்மை. வண்டியைப் பின்னால் எடுத்து வேறு தெருவில் திருப்பினதும் உண்மை. அது கொஞ்ச நேரம்தான். ஆனால் ஓட்டுநர் இப்போது நீங்கள் சொன்னதை நம்பிவிட்டார். போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் உட்கார்ந்திருந்தார், சட்டை போடவில்லை. "அந்த லாரிக்குப் பின்னால அவ்வளவு நேரமாடா நின்னேன்? எனக்குக் கொஞ்ச நேரம் மாதிரிதான் இருந்துச்சு. வயசாயிடுச்சுடா எனக்கு. ஏணிய நான்தான் கொன்னுட்டேன்" என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து, அவர் ராத்திரி தூங்குவதில்லை, எழுந்து உட்கார்ந்து கையாலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டிருக்கிறார் என்று சொன்னாள். நான் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நிலையத்திலும் யாருக்கும் சந்தேகமில்லை. தொலைபேசி அடித்தது காதில் விழுந்தாலும், தவறான எண் என்று நான் சொன்னால் நம்பிவிடுவார்கள். மணி அடித்தால் ஓடுவார்கள், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும். ரொம்ப நேரம் காத்திருந்ததாகத் தங்கச்சி தலைவரிடம் அழுதபோது, தீயின் முன்னால் நிற்கிறவருக்கு ஒரு நிமிஷம் ஒரு யுகம் என்று அவர்தான் அவளைத் தேற்றினார். தங்கச்சி என் மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. மாறாக நன்றி சொன்னாள். "உங்க குரலக் கேட்டதாலதான் அண்ணா எனக்கு அப்ப தைரியம் இருந்துச்சு. அவரும் கடைசி வரைக்கும் பயப்படல. கிளம்பிட்டாங்கன்னு நீங்க சொன்னத நான் சொன்னதும் சிரிச்சாரு." என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவள் விரல்களில் ஊசி குத்திய தழும்புகள் இருந்தன.

அப்போது நான் என்ன நினைத்தேன் என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றும் நினைக்கவில்லை. காலுக்கு ஊசி போட்டு மரத்துப் போன இடத்தை டாக்டர் தட்டிப் பார்ப்பாரே, அந்த மாதிரிதான் இருந்தது. தட்டுகிறார் என்று தெரிகிறது.

முன்பு சொன்ன ஒன்றை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். இஸ்திரிப் பெட்டி என்று நினைத்ததாகச் சொன்னேன். அப்படி நினைக்கவில்லை. முதல் அழைப்பிலேயே அவள் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. துணி மூட்டை உள்ளுக்குள் பிடித்து எரியும்போது படபடவென்று ஒரு சத்தம் வரும், வெளியே இருப்பவர்களுக்கு அது பெரிதாகத் தோன்றாது. இத்தனை வருஷம் வண்டியில் போனவனுக்கு அது தெரியும். என் விரல் பொத்தானுக்கு மேலேதான் இருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பெஞ்சில் எனக்கு விட்ட இடம் அப்படியே இருந்தது. அமுக்கினால் எல்லோரும் எழுந்து ஓடுவார்கள், நான் ஊன்றுகோலோடு போய்த் தட்டுகளை மூட வேண்டும். அதனால் அமுக்கவில்லை. ஏணி மேலே இருக்கிறான் என்று அவள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. அவர்கள் பசியாறட்டும் என்றுதான் செய்தேன் என்று இத்தனை நேரம் சொன்னேன். இரண்டாவது அழைப்புக்குப் பிறகு நான் திரும்பிப் போனபோது எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். தலைவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழப் பார்த்தார். "அதுக்குள்ள எங்க தலைவரே, நான் இப்பத்தானே வந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் உட்காருங்க" என்றேன். உட்கார்ந்தார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஓட்டுநர் தனக்கு ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு, இவனுக்கும் போடு என்றார். அம்மா எனக்கு இரண்டாவது தடவை பரிமாறினான். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

இப்போது அந்த மேசையில் யாரும் உட்காருவதில்லை. ஓட்டுநர் வேலையில் இல்லை. தலைவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருகிறார். அம்மா அடுப்புப் பற்ற வைப்பதே இல்லை, அவனவன் ஏதாவது பொட்டலம் வாங்கி வந்து நின்றபடி தின்கிறான். பகலில் கண்ணாடி வழியாகப் பார்த்தால் வெறும் மேசை. எத்தனை நாள்தான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது. அதனால்தான் வந்தேன்.

நான் சொன்னதை எல்லாம் எழுதிவிட்டீர்கள் அல்லவா, கையெழுத்துப் போடுகிறேன். ஓட்டுநரை மட்டும் இன்றைக்கே திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தால் அம்மா சமைப்பான். அம்மா சமைத்தால் தலைவர் வீட்டுக்குப் போகமாட்டார். பழையபடி எல்லோரும் ஒன்றாக உட்காருவார்கள். இங்கே எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியவில்லை, எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். என் தட்டை மட்டும் மூடி வைத்தால் போதும்.